மரண விசாரணை யாருக்காக?

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா என்று இடம் குறித்து வெளியாகும் மரணச் செய்திகளுக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. இறந்தவரின் வயது, தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், எத்தனை பிள்ளைகளின் தாய் அல்லது தந்தை என்ற விபரம், சடலம் பிரேத பரிசோதனைக்காக டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் வைக்கப்பட்டுள்ளது என்ற தகவல், கடைசியாக "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்ற வாக்கியம். பத்திரிகைத் தொழிலில் கழித்த இத்தனை வருடங்களில் அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவைகள் வாசித்திருப்பேன் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால், அந்த மேலதிக விசாரணையின் முடிவு இதுதான் என்று அறிவித்து வெளிவந்த செய்திகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

செய்தியாளர்களை இதற்காகக் குறைகூறிப் பயனில்லை. முடிவு என்று ஒன்று அறிவிக்கப்பட்டால்தானே செய்தியாக வரும். மலையகத்துத் தோட்டங்களில் நிகழும் திடீர் மரணங்களில் மிகப் பெரும்பாலானவை ஒரு படிவத்தில் இரண்டு வரிகளாக எழுதப்பட்டு, ஒரு கோப்பில் இடப்பட்டு, சடலம் உறவினரிடம் ஒப்படைக்கப்படுவதுடன் முடிந்துவிடுகின்றன. அந்த இரண்டு வரிகள் எவ்வளவு பெரிய விடயத்தைத் தீர்மானிக்கின்றன என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நோர்வூட்டை அறியாத வாசகர்களுக்காக ஓரிரு வார்த்தைகள். ஹட்டனிலிருந்து டிக்கோயா ஊடாக வரும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொகவந்தலாவைக்குச் செல்கிறது, மற்றையது மஸ்கெலியாவுக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை மலைகள்தான். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்து உரையாற்றியபோது உலகத் தமிழர்கள் பலரும் இந்த ஊரின் பெயரை முதற் தடவையாகக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். இந்திய உதவியுடன் கட்டப்பட்ட கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடத்தொகுதியை அவர் திறந்துவைத்ததும் அதே நாளில்தான். சுற்றியுள்ள தோட்டங்களில் நோயுற்றவர்களைப் போலவே, எதிர்பாராமல் இறந்தவர்களும் அந்த வைத்தியசாலைக்கே கொண்டுசெல்லப்படுகிறார்கள். விடயம் நீதிமன்றுக்குப் போகுமானால் அது ஹட்டன் நீதவான் நீதிமன்றுக்குப் போகும்.

இந்தப் பாதையின் நடுவில் ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். அவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. 'கொறனர்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் பதவியின் இலங்கை வடிவம். 1194ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உருவான பதவி அது. அன்று அரசனின் கருவூலத்துக்குச் சேரவேண்டிய பணம் தவறிவிடாமல் பார்த்துக்கொள்வதே கொறனரின் முதன்மையான வேலையாக இருந்தது. ஒருவன் எப்படிச் செத்தான் என்பதில் அரசனுக்கு இருந்த அக்கறை, அதிலிருந்து கிடைக்கக்கூடிய தண்டப்பணத்தைப் பற்றியது. நூற்றாண்டுகள் செல்லச்செல்ல அந்த அக்கறை மாறி, 'மக்கள் ஏன் இறக்கிறார்கள் என்பதை அரசு அறிந்திருக்க வேண்டும்' என்ற கொள்கையாக வளர்ந்தது. பிரித்தானியர் போகும்போது அந்தப் பதவியின் நடைமுறையை எங்களுக்கு விட்டுச் சென்றார்கள். கொள்கை எங்களிடம் வந்துசேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

இன்று நடைமுறையில் உள்ளது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. அதன் 370ஆம் பிரிவின்படி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார், அல்லது மிருகத்தினாலோ இயந்திரத்தினாலோ விபத்தினாலோ கொல்லப்பட்டார், அல்லது திடீரென, அல்லது காரணம் தெரியாத விதத்தில் இறந்தார் என்று தகவல் கிடைத்தால், விசாரணை அதிகாரி உடனடியாகச் சடலம் கிடக்கும் இடத்துக்குச் சென்று விசாரித்து, காயங்களையும் மரணத்துக்கான வெளிப்படையான காரணத்தையும் விபரித்து அறிக்கை எழுதவேண்டும். பொலிஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்தால், 371ஆம் பிரிவின்கீழ் நீதவானே சடலத்தைப் பார்வையிட்டு விசாரிக்க வேண்டும். தேவையானபோது அரசாங்க மருத்துவ அதிகாரியைக் கொண்டு பிரேத பரிசோதனை செய்விக்கும் அதிகாரமும் உண்டு. விசாரணை அதிகாரி மருத்துவராகவோ சட்டத்தரணியாகவோ இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மிருகம், இயந்திரம், விபத்து. சட்டத்தின் இந்த மூன்று சொற்களையும் தேயிலைத் தோட்டத்தை மனதில் வைத்தே எவரோ எழுதினார்களோ என்று நான் நினைப்பதுண்டு. கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது குளவிக்கூடு கலைந்து கொட்டுப்பட்டு இறப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுத்தை பாய்ந்து காயமடைபவர்கள் இருக்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்தில் அகப்பட்டு இறப்பவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் மரம் முறிந்து விழுந்தும், லயத்தின் பின்புறத்து மண்மேடு சரிந்தும், கால் வழுக்கிப் பள்ளத்தில் வீழ்ந்தும் இறப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இவையெல்லாம் விசாரிக்கப்படவேண்டிய மரணங்கள். விசாரிக்கவும்படுகின்றன. ஆனால், எதை விசாரிக்கிறார்கள்?

பல வருடங்களுக்கு முன்னர் மலையகத்து வைத்தியசாலையொன்றின் பிணவறைக்கு வெளியே நடந்த மரண விசாரணையைச் செய்தியாளனாக நின்று பார்த்திருக்கிறேன். ஊரும் பெயரும் இங்கு தேவையில்லை. இறந்தவர் ஒரு தோட்டத் தொழிலாளி. குளவி கொட்டி இறந்தவர். அவருடைய மனைவி சாட்சி சொன்னார். அந்த மலையில் குளவிக்கூடு இருப்பதை இரண்டு வாரங்களுக்கு முன்னரே கங்காணியிடம் சொல்லியிருந்ததாகச் சொன்னார். கொட்டுப்பட்டவரைக் கொண்டுபோக வாகனம் கிடைக்காமல், கொழுந்து லொறி நிறுவையை முடித்துக்கொண்டு வரும்வரை காத்திருந்ததாகச் சொன்னார். தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போடுவதற்கு ஆள் இருக்கவில்லை என்று சொன்னார். பத்து நிமிடங்கள் பேசியிருப்பார். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் சுருக்கிச் சொன்னார். எழுதப்பட்டது இரண்டு வரிகள். வேலை செய்துகொண்டிருந்தபோது குளவி கொட்டியதால் மரணம். மரணத்தில் சந்தேகம் இல்லை. அந்த அம்மா பெருவிரல் அடையாளம் இட்டார். "என்னா சார் எழுதியிருக்கு?" என்று மகன் கேட்டான். "ஒண்ணும் இல்ல, பொடிய கொண்டு போகலாம்" என்று பதில் வந்தது.

அந்த இரண்டு வரிகளில் பொய் எதுவும் இல்லை. குளவி கொட்டித்தான் அவர் இறந்தார். எவரும் அவரைக் கொல்லவில்லை. ஆனால், இரண்டு வாரங்களுக்கு முன் சொல்லப்பட்ட எச்சரிக்கையும், வராத வாகனமும், ஆளில்லாத மருந்தகமும் அந்தக் காகிதத்தில் ஏறவே இல்லை. எங்கள் மரண விசாரணை கேட்பது 'எதனால் இறந்தார்' என்பதை மட்டுமே. 'எப்படிப் பிழைத்திருக்கலாம்' என்பது அதன் கேள்வியல்ல.

இந்தப் பதிவு பணத்துடனும் சம்பந்தப்பட்டது என்பதைப் பலர் உணர்வதில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தினால் தொழிலாளி இறந்தால் அவரில் தங்கியிருந்தவர்களுக்கு நட்டஈடு உண்டு. வேலை நேரத்திலா இறந்தார், வேலை செய்த மலையிலா இறந்தார், எதனால் இறந்தார் என்பதற்கெல்லாம் முதல் ஆதாரமாக நிற்பது மரண விசாரணை அறிக்கையும் பிரேத பரிசோதனை அறிக்கையும்தான். குளவிக் கொட்டுக்குப் பின்னர் மயங்கி விழுந்தவரின் மரணம் 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதப்பட்டால், அந்தக் குடும்பத்தின் கதி என்ன? தொழிற்சாலையில் வழுக்கி விழுந்தவருக்கு 'தவறுதலாக வீழ்ந்தமை' என்று மட்டும் எழுதப்பட்டால், எண்ணெய் படிந்த தரையைப் பற்றி யார் பேசுவது? ஒரு சொல் மாறினால் பிள்ளைகளின் படிப்பு மாறிவிடும். அவ்வளவு கனமான சொற்கள், சாவு வீட்டின் அவசரத்தில், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டு ஒப்பமிடப்படுகின்றன.

மொழியைப் பற்றிச் சொல்வதற்கு அரசியல் எதுவும் தேவையில்லை, சட்டமே போதும். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று. அரச உத்தியோகத்தருடன் தமிழில் கருமமாற்றுவதற்கும் தமிழில் பதில் பெறுவதற்கும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை அளிக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில், அன்று நோர்வூட்டையும் உள்ளடக்கியிருந்த அம்பகமுவ உட்பட பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டன. அதற்குப் பிறகு ஒரு தலைமுறை வளர்ந்து ஆளாகிவிட்டது. இறந்தவரின் மனைவி சொன்னதை அவர் சொன்ன மொழியிலேயே எழுதி, அவருக்கே வாசித்துக்காட்டி ஒப்பம் பெறவேண்டும் என்று கேட்பது புதிய சலுகை ஒன்றைக் கேட்பதாகாது.

விசாரணை அதிகாரிகளை வில்லன்களாகக் காட்டுவது என் நோக்கமல்ல. அவர்களுள் பலர் ஊரில் மதிப்புப் பெற்றவர்கள். நள்ளிரவிலும் மழையிலும் கூப்பிட்டால் வருபவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவும் வசதிகளும் சொற்பம். சட்டம் அவர்களிடம் 'வெளிப்படையான காரணத்தை' மட்டுமே கேட்கிறது. அதற்கு மேல் எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று அவர்களும் நினைக்கக்கூடும்.

இன்னொரு நியாயமும் உண்டு. சடலத்தைத் தாமதமின்றிப் பெறவேண்டும் என்பதே குடும்பத்தின் முதல் வேண்டுகோள். மற்றத் தோட்டங்களிலிருந்து உறவினர்கள் வந்து காத்திருக்கிறார்கள். தப்பு அடிப்பவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. மரண உதவிச் சங்கத்தின் பணத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. அந்த நேரத்தில் "சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறது" என்று சொல்வதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்? சந்தேகம் என்றால் இன்னும் இரண்டு நாட்கள். ஒருவேளை நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கொண்டுபோக வேண்டும். வாகனக் கூலி வேறு. 'சந்தேகம் இல்லை' என்ற பதிலை வறுமையே எழுதிவிடுகிறது.

அப்படிப்பட்ட சூழலிலும் கேள்வி கேட்ட குடும்பங்கள் இருந்தன. 2009 ஓகஸ்டில், நோர்வூட்டிலிருந்து பிரிந்து செல்லும் அதே பாதையில் உள்ள மஸ்கெலியாப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சிறுமிகள், கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்ற இடத்தில், கால்வாய் ஒன்றில் சடலங்களாக மீட்கப்பட்டார்கள். தற்கொலை என்று சொல்லப்பட்டதைப் பெற்றோர் ஏற்றுக்கொள்ள மறுத்தார்கள். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, முன்னாள் அமைச்சர் ஒருவரின் கொழும்பு இல்லத்தில் பணிபுரிந்தபோது தீக்காயங்களுக்குள்ளாகி, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இறந்தார். ஊரில் அடக்கம் செய்யப்பட்ட உடல் அதே மாத இறுதியில் நீதிமன்றின் உத்தரவின்பேரில் தோண்டியெடுக்கப்பட்டு, பேராதனையில் விசேட மருத்துவ நிபுணர் குழுவினால் இரண்டாவது பிரேத பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டது. 2023 மே மாதத்தில் பதுளையைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண் ஒருவர் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். நீதவான் விசாரணையைத் தொடர்ந்து பொலிஸ் உத்தியோகத்தர்கள் சிலர் கைது செய்யப்பட்டார்கள்.

இம்மூன்று சம்பவங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மரணங்கள் நிகழ்ந்தது கொழும்பில். ஊடகங்கள் கொழும்பில் இருந்தன, சட்டத்தரணிகள் இருந்தார்கள், மலையகத்திலும் கொழும்பிலும் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். கேள்வி எழுந்ததற்குக் காரணம் முதலில் எழுதப்பட்ட அறிக்கை அல்ல; அதற்கு வெளியே எழுந்த குரல்கள். அதே குடும்பங்களைச் சேர்ந்த ஒருவர் தோட்டத்து மலையில் இறந்திருந்தால் அந்தக் குரல் எங்கிருந்து வந்திருக்கும்?

செல்வாக்குள்ளவர்களுக்கும் இது எளிதாக வாய்ப்பதில்லை என்பதற்கு றகர் வீரர் வசீம் தாஜுதீனின் மரணம் சான்று. 2012 மே 17ஆம் திகதி கொழும்பு நாரஹேன்பிட்டியில் எரிந்த காரொன்றில் அவருடைய உடல் கிடந்தது. வாகன விபத்து என்று சொல்லப்பட்டது. ஆட்சி மாறிய பின்னர், 2015 ஓகஸ்டில், உடல் தோண்டியெடுக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. 2016 பெப்ரவரியில் நீதவான் அதைக் கொலை என்று தீர்மானித்தார். நாடறிந்த விளையாட்டு வீரரின் மரணத்தைப் பற்றிய முதல் அறிக்கையைத் திருத்துவதற்கே ஓர் ஆட்சிமாற்றமும் ஏறக்குறைய நான்கு வருடங்களும் தேவைப்பட்டன என்றால், கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் மரண அறிக்கையை யார் திருத்துவார்கள்?

மலையகத்தின் வரலாற்றிலும் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இடதுசாரிச் சட்டத்தரணியான கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா கோவிந்தனின் மனைவிக்காக ஆஜரானார். விவகாரம் ஆணைக்குழு வரை சென்றது. ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் இடையே நெருக்கடியையே உண்டாக்கியது. வாக்குரிமைக்கும் குடியுரிமைக்கும் போராடிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் சாதாரண தொழிலாளி ஒருவரின் சாவு ஆட்சியை உலுக்கியது என்றால், அதற்குக் காரணம் அந்த விதவை தனியாக நிற்கவில்லை என்பதே. தொழிற்சங்கம் நின்றது, சட்டம் தெரிந்தவர் ஒருவர் நின்றார். எண்பது வருடங்களுக்குப் பின்னரும் பாடம் அதுதான்.

இனி, மரண விசாரணை எப்படி இருக்கலாம் என்பதற்கு வெளியிலிருந்து ஓர் உதாரணம். கொறனர் பதவி பிறந்த இங்கிலாந்தில் இன்று கொறனருக்கு ஒரு கடமை உண்டு. விசாரணையின்போது, இதே நிலைமை நீடித்தால் இன்னும் பலர் இறக்கக்கூடும் என்று தெரியவந்தால், அதைத் தடுக்கக்கூடிய நிறுவனத்துக்கோ அமைச்சுக்கோ அவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிக்கை கிடைத்தவர்கள் 56 நாட்களுக்குள் பதில் எழுதவேண்டும். என்ன செய்யப்போகிறோம், அல்லது ஏன் செய்யமாட்டோம் என்று சொல்லவேண்டும். இலண்டனில் 2013ஆம் ஆண்டு ஆஸ்துமாவினால் இறந்த 9 வயதுச் சிறுமியின் தாய், முதல் விசாரணையின் முடிவை ஏற்காமல் போராடினார். மேல் நீதிமன்று அந்த முடிவை இரத்துச் செய்தது. 2020 டிசெம்பரில் இரண்டாவது விசாரணை, காற்று மாசும் அந்த மரணத்துக்குக் காரணமாகியது என்று தீர்மானித்தது. அதைத் தொடர்ந்து, காற்று மாசுக்கான வரம்புகளை இறுக்கவேண்டும் என்று கொறனர் அரசாங்கத்துக்கு எழுதினார். முதல் விசாரணை 'மூச்சுத் திணறல்' என்று நின்றுவிட்டது. இரண்டாவது விசாரணை வீட்டின் அருகில் இருந்த பெருந்தெருவைப் பார்த்தது.

இங்கிலாந்தில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 1989 ஏப்ரிலில் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களின் மரணங்களை 1991ஆம் ஆண்டு விசாரணை 'விபத்து' என்றது. 2012இல் அந்தத் தீர்ப்பு இரத்தாகி, 2016 ஏப்ரிலில் புதிய விசாரணையின் ஜூரிகள் '96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள்' என்று சொல்லும்வரை குடும்பங்கள் 27 வருடங்கள் காத்திருந்தன. பணக்கார நாட்டிலும் ஏழைகளின் மரணம் முதலில் 'விபத்து' என்றுதான் எழுதப்படுகிறது. ஆனால், எழுதப்பட்டதை மாற்றுவதற்கு அங்கு ஒரு வழி இருந்தது.

வெளிநாட்டு உதாரணம் எங்களுக்குப் பொருந்தாது என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒன்றைக் காட்டமுடியும். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. மரணப் பதிவுகளையும் வைத்தியசாலைகளின் பதிவுகளையும் ஆராய்ந்த மருத்துவர்கள், எந்தப் பூச்சிகொல்லி அதிகமானோரைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மிகக் கொடிய நஞ்சுகள் 1984 தொடக்கம் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 1995இலும் 1998இலும் 2008க்குப் பின்னரும் தடைகள் விரிந்தன. தற்கொலை முயற்சி 1998இல் தண்டனைக்குரிய குற்றம் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த இருபது வருடங்களில் தற்கொலை வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமாகக் குறைந்தது. 'நஞ்சருந்தி மரணம்' என்ற இரண்டு சொற்களுடன் நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்காது. எந்த நஞ்சு என்று எழுதினார்கள்; எழுதியதை யாரோ எண்ணினார்கள்; எண்ணியதை அரசு கேட்டது. ஆயிரக்கணக்கான உயிர்கள் மிஞ்சின.

இதற்கு எதிரான உதாரணமும் மலையகத்தில்தான் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. புதையுண்டவர்களில் பலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. 'இயற்கை அனர்த்தம்' என்ற சொல் அந்த இரண்டு எச்சரிக்கைகளையும் மூடிவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன. மீண்டும் மனிதர்கள் மண்ணுக்குள் போனார்கள். மழை இயற்கைதான். அந்தச் சரிவின் அடியில் மனிதர்களைக் குடியிருத்தியது இயற்கை அல்லவே!

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் அல்ல. முதலாவது, சாட்சியம் சொல்பவரின் மொழியில் பதிவுசெய்து, அவருக்கு வாசித்துக்காட்டி, ஒரு பிரதியைக் கேட்காமலே கொடுக்கவேண்டும். இரண்டாவது, வேலைத்தளத்தில் நிகழ்ந்த மரணங்களில் முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டதா, முதலுதவி கிடைத்ததா, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல எவ்வளவு நேரம் எடுத்தது என்ற மூன்று கேள்விகளையும் படிவத்தில் கட்டாயமாக்கவேண்டும். மூன்றாவது, மாவட்டத்தில் ஒரு வருடத்தில் எத்தனை பேர் குளவியால், எத்தனை பேர் இயந்திரத்தால், எத்தனை பேர் மண்சரிவால் இறந்தார்கள் என்ற கணக்கைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். நான்காவது, இங்கிலாந்தில் இருப்பதைப்போல, தோட்ட முகாமைத்துவமும் உரிய திணைக்களமும் குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதிலளிக்கும் கடப்பாட்டைச் சட்டத்தில் சேர்க்கவேண்டும். கடைசியாகச் சொன்னதற்குப் பாராளுமன்றம் தேவை. மற்றவற்றுக்கு ஒரு சுற்றறிக்கையே போதுமென்று நினைக்கிறேன்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. பெட்டிக்கும் பந்தலுக்கும் பணம் கொடுக்கும் அந்தச் சங்கம், சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரையும் குடும்பத்துடன் அனுப்பிவைக்கலாம். இன்று அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லாத லயம் இல்லை. பல்கலைக்கழகம் சென்றவர்களும் சட்டம் படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர் செய்யவேண்டியது அதிகமில்லை. ஒப்பமிடுவதற்கு முன்னர் எழுதப்பட்டிருப்பதை வாசித்துச் சொல்லவேண்டும். விடுபட்டதைச் சேர்க்கும்படி மரியாதையாகக் கேட்கவேண்டும். வேலை நேரமும் இடமும் சரியாகப் பதியப்பட்டதா என்று பார்க்கவேண்டும். அறிக்கையின் பிரதி கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கவேண்டும். தொழிற்சங்கங்கள் சந்தாப் பணத்தில் மலர்வளையம் வைப்பதுடன், சட்டத்தரணி ஒருவரையும் இதற்கென ஒழுங்குசெய்து வைக்கலாம். நட்டஈட்டு வழக்குகளில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் சிலர், சொந்தத் தோட்டத்துக்குக் கோயில் கட்டவும் பாடசாலைக்குக் கணினி வாங்கவும் பணம் அனுப்புகிறார்கள். நல்ல காரியம். கொட்டுப்பட்டவரை உடனே கொண்டுசெல்ல ஒரு வாகனம், பிரிவுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதைப் பயன்படுத்தத் தெரிந்த இருவர் என்று இதற்கும் கொஞ்சம் ஒதுக்கினால், மரண விசாரணைக்கே தேவையில்லாமல் போகும் சந்தர்ப்பங்களும் உண்டு.

மரண விசாரணை இறந்தவருக்காக நடத்தப்படுவதாகவே நாம் நினைக்கிறோம். இறந்தவருக்கு இனி அதனால் ஆவது எதுவும் இல்லை. நாளை காலையில் அதே பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, அதே மலைக்குக் கூடையுடன் ஏறப்போகும் பெண்ணுக்காக நடத்தப்பட வேண்டியது அது. அவள் ஏறும் மலையில் அந்தக் குளவிக்கூடு இன்னும் இருக்கிறதா இல்லையா என்பதை எழுதாத அறிக்கை, எத்தனை முத்திரைகள் குத்தப்பட்டிருந்தாலும், முடிவடையாத அறிக்கைதான்.